நூர்ஜஹான் பிளாஸ்க்கில் கொண்டுவந்த டி.என்.ஏ.

நூர்ஜஹான் இறந்துவிட்டாள். காலையில் அவள் மகன் போன் செய்தான். தூக்கத்திலேயே...

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரே லேபில் ஆராய்ச்சி செய்தோம். இருவருக்கும் திருவண்ணாமலைதான் ஊர்.

வெட்டி எடுத்த ஒரு ஜீனை இன்னொரு டி.என்.ஏ. வளையத்தில் ஒட்ட வேண்டும். இதுதான் அவள் வேலை. இன்று கல்லூரிப் பிள்ளைகள் செய்வது. அன்று அவளுக்கு மூன்று முறை தவறியிருந்தது.

ஒட்டுகிற என்சைம் வெளிநாட்டிலிருந்து ஐஸில் வர வேண்டும். நாலாவது முறைக்குக் கடைசிச் சொட்டையும் போட்டுவிட்டாள். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவள் அப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார். "இந்த தபா ஆச்சுன்னா படி. ஆவலைன்னா நிக்காஹ்தான்."

அந்த நேரம் பார்த்து கார்த்திகை தீபத்துக்கு லீவு. லேபில் கரண்டும் இருக்காது என்றார்கள். ஒட்டும்போது விடிய விடிய குளிர்ச்சியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் லேபில் வேதவாக்கு.

"கூடவே எடுத்துட்டுப் போறேன்டி" என்றாள். சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்கவிட்டாள்.

பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்கவில்லை. கண்டக்டர் சும்மா விடவில்லை. "இன்னாம்மா, காபியா? எனக்கும் ஒரு வாய் குடேன்."

"குடிச்சா வால் முளைக்கும், பரவால்லையாண்ணா?" என்றாள் நூர். பஸ்ஸே சிரித்தது.

தீபக் கூட்டம். ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அத்தனை ஜனத்துக்குள் பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை அவளைப் பார்க்கப் போனேன். திடீரென்று மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். கூடத்தில் அந்த பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார் அவள் அம்மா.

அடுக்களையில் நூர் நின்றிருந்தாள். அலமாரியில் ஒரு டம்ளர், அதற்குள் அந்தக் குழாய். அம்மா தூக்கி எறியவில்லை... மருந்து என்று நினைத்துப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

"உள்ள இருந்துச்சு, எடுத்து வெச்சேன். மூக்குல வுடற மருந்தா கண்ணு?" என்று கேட்டுவிட்டு அடுத்த டீக்குப் போய்விட்டார்.

நூர் குழாயைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சூடாயிடுச்சு. செத்துப்போச்சு, செல்வி."

ஜன்னல் வழியாகச் சாக்கடையில் எறிந்தாள். முகம் கழுவிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

அவள் லேபுக்குத் திரும்பவே இல்லை. ஹாஸ்டலில் இருந்த அவள் பெட்டியை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு உள்ளூர்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர், மூன்று பிள்ளைகள்... நல்லபடியாகத்தான் இருந்தாள்.

நான் பெங்களூரில் ஒரு கம்பெனி லேபில் சேர்ந்தேன். சில வருடங்களுக்கு முன் புது கிட் ஒன்று வந்தது. ஒட்டுவதற்குக் குளிர்ச்சி தேவையில்லை, மேஜை மேலேயே கொஞ்ச நேரம் வைத்தால் போதும் என்று அதில் போட்டிருந்தது. பழைய என்சைமிலும் செய்து பார்த்தேன். ஒட்டியது.

அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். போன ரம்ஜானுக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது சொல்லிவிட்டேன்.

எத்தனை நிமிஷம், எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொண்டாள்.

"அப்போ அது ஒட்டியிருக்குமாடி?"

"இருக்கலாம், நூர். பாக்டீரியாவுக்குள்ள விட்டுப் பாத்திருந்தாதான் தெரியும்."

"அம்மாகூட எவ்ளோ நாள் பேசாம இருந்தேன் தெரியுமா..." என்றாள். அம்மா போய்ப் பல வருடம் ஆகியிருந்தது.

பிறகு அவளே, "சரி, பிரியாணி தம்முல இருக்கு. வெச்சிடறேன்" என்றாள்.

இன்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பஸ் இப்போதுதான் செங்கம் தாண்டுகிறது. முகம் பார்க்கக் கிடைக்குமா தெரியவில்லை.

கொஞ்சம் இரு நூர்... வந்துட்டேன்.