ஆத்தா மறுத்த பால்

போன ஆடியில் நான் பாதிப் பிணம். மீதிப் பாதி வாய். அது மட்டும் ஓயவில்லை.

சாணார்பட்டிப் பக்கம் எனக்கு மல்லிகைத் தோட்டம். இரண்டு சிறுநீரகமும் கெட்டு, நாலு வருடமாகத் திண்டுக்கல்லில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சோற்றிலுள்ள பாஸ்பரஸ் உடம்பில் ஏறாமலிருக்க, மூன்று வேளையும் சாப்பாட்டோடு விழுங்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். நான் மூன்றையும் காலையில் வெறும் வயிற்றில் போட்டு வேலையை முடித்துவிடுவேன். அம்புட்டுப் புத்திசாலி.

எலும்பெல்லாம் வலித்தது. வலிக்குப் பால் நல்லதுதானே என்று வீட்டில் மூன்று டம்ளர். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அபிஷேகப் பால் ஒரு சொம்பு.

பிறகு மூச்சு வாங்கியது. ஒருநாள் பூ எடுக்கும்போது செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறி, எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்து கிளம்பி, இதய வால்வில் கல்லாகப் படிந்துவிட்டது. வால்வை மாற்ற வேண்டும். பாஸ்பரஸ் இறங்காமல் மாற்றினால் புதியதும் இறுகிவிடும். அதுவரை நான் தாங்குவேனா என்று அவருக்கே தெரியவில்லை. பாலிலும் பாஸ்பரஸ் நிறைய என்று அதை நிறுத்தச் சொன்னார். வீட்டில் நிறுத்தினேன். சாமி பால் என்ன செய்துவிடும் என்று கோயிலில் நிறுத்தவில்லை.

டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கை செல்வராசு. அவருக்கும் இதே வியாதி. என் மட்டமான கிண்டலுக்கும் சிரிக்கிற ஒரே மனுசன். ஒருநாள் போனேன், அந்தப் படுக்கையில் வேறு ஆள். அன்று நான் வாயே திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆத்தா முன்னால் அழுதேன். "செல்வராசு போன வழியில என்னையும் கூப்பிட்டுறாத. என்ன செய்யணும்னு நீயே சொல்லு" என்றேன். அழுத கையோடு சொம்பையும் நீட்டினேன்.

பூசாரி மாமா ஊற்றவில்லை. "ஒனக்குப் பால் கெடையாது அப்பு. ஆத்தா வேணாங்குறா."

ஊரே பார்த்தது. சாமியும் கைவிட்டதென்று வெறும் சொம்போடு வீடு வந்தேன். என் மனைவி பாண்டியம்மாள் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நாந்தேன் மாமாகிட்டச் சொன்னேன். நான் சொன்னா கேப்பீகளா?"

"அப்ப ஆத்தா சொல்லலையா?"

"போன வாரம் பூரா அவகிட்டதேன் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன், ஒங்கள எப்பிடித் தடுக்கன்னு. அவ சொல்லாம எனக்கு யாரு சொன்னா?"

அன்றிலிருந்து மூன்று வேளையும் தட்டில் முதலில் மாத்திரை, அப்புறம்தான் சோறு. மார்கழியில் பாஸ்பரஸ் இறங்கியது. தையில் மதுரையில் ஆபரேஷன். நான் திரும்பாமலும் போகலாம் என்ற காகிதத்தில் பாண்டியம்மாள் கையெழுத்துப் போட்டாள். திரும்பினேன்.

புது வால்வு மாட்டின் சவ்வில் செய்ததாம். பால் வேண்டாமென்றவள் பசுவையே நெஞ்சுக்குள் கட்டிவிட்டாள்.

டயாலிசிஸ் நிற்கவில்லை. செல்வராசின் படுக்கையை இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எங்கும் உட்காராமல் நடக்கிறேன். மாமா திருநீறு மட்டும் தருகிறார்.

தவித்து நிற்பவர்களே, அவளிடம் கேளுங்கள். பதில் வரும். ஆனால் என்னைப்போல் சொம்பை நீட்டிக்கொண்டு கேட்காதீர்கள். எனக்கு அவள் சொன்ன பதில் 'வேண்டாம்' என்பதுதான். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.