வெள்ளையில் வெள்ளை எழுத்து

குக்கி பிஸ்கட்டுகளின்மேல் எழுத்து எழுதித் தருவது அவருடைய தொழில். கையில் எப்போதும் ஓர் ஊசி இருப்பதால் தெருவில் அவருக்கு ஊசியக்கா என்று பெயர். தையற்காரர் என்றெண்ணிக் கிழிந்த சட்டையோடு வந்து நின்றவர்களும் உண்டு.

எழுதுவதற்கு அவரிடம் முறைகள் சில இருந்தன. நீண்ட வாழ்த்து வரியானால், குக்கியில் பூசிக் காய்ந்த ஐசிங் என்ற வெள்ளைச் சர்க்கரைப் பூச்சில் ஊசிமுனையால் இலேசாகக் கீறிக்கொண்டு, அந்தக் கீறலைப் பின்பற்றிக் கூம்புப் பையால் நிற ஐசிங்கைப் பிழிந்து செல்வார். ஒன்றோடொன்று பின்னிய முதலெழுத்துகளுக்கு அது சரிவராது. வரைந்த தாளின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, எழுத்தை அதன்மேல் பிழிந்து, காய்ந்தபின் உரித்தெடுத்துக் குக்கியில் ஒட்டுவார்.

"எழுத்து உடைஞ்சா இன்னொண்ணு எழுதிக்கலாம். குக்கி கெட்டா எல்லாம் போச்சு" என்பார்.

அண்ணன் மகளின் திருமணக் குக்கிகளை அவர் இரண்டாவது முறையிலேயே எழுதினார். அந்த வேலை வந்த விதமே அவரை நிலைகொள்ளாமல் செய்திருந்தது. தந்தையை யார் வைத்துப் பார்ப்பது என்ற வாக்குவாதத்தில் அண்ணனும் அவரும் பேச்சை நிறுத்தியவர்கள். தந்தை போய்ச் சேர்ந்த பின்னும் அந்தப் பேச்சு திரும்பவில்லை. இப்போது திடீரென்று அண்ணி தொலைபேசியில் அழைத்து, மணமக்களின் முதலெழுத்துகளை அரக்குச் சிவப்பில் எழுதித் தரும்படி கேட்டார். நாளைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார், பெட்டியின் அளவையும் சொன்னார். கல்யாணத்துக்கு வா என்று மட்டும் சொல்லவில்லை.

"மறந்திருப்பாங்க" என்றார் பேருந்து ஓட்டுநரான கணவர்.

"கலர் மறக்கல, பெட்டி மறக்கல. கூடப் பொறந்தவளை மட்டும் மறந்துட்டாங்களாக்கும்."

"அப்ப நீயே கேட்டுடேன்."

"கேட்டு வாங்க அது என்ன பஸ்ல சில்லறையா?"

குக்கிகள் நன்றாக அமைந்தால் அண்ணன் வாய் திறப்பார் என்று அவர் மனம் கணக்குப் போட்டது. அமையாவிட்டால், பாதி திறந்த கதவும் சாத்திக்கொள்ளும். உரித்தெடுக்கும்போது ஓர் எழுத்தின் வால் முறிந்தாலும் அவர் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதினார்.

போதாக்குறைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் ஐசிங் எளிதில் காயாது. காயாத வெள்ளையில் அடர்நிறம் கசியும். மின்விசிறியைத் தட்டுகளின் பக்கம் திருப்பிவைத்து, ஒவ்வொரு குக்கியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துப் பார்த்தே ஒட்டி முடித்தார். கொடுக்கவேண்டிய நாளன்று காலையில், பெட்டிகள் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்.

திரும்பி வந்தபோது சமையல் மேடையில் காய்கறிகளும் பால் பாத்திரமும் குவிந்து கிடந்தன. தட்டுகளைக் காணோம்.

"தட்டெல்லாம் எங்க?"

"பத்திரமா ஃபிரிட்ஜுல இருக்கு. ஓரமெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. குளிர்ல கல்லு மாதிரி இறுகிடும், பாரு" என்றார் கணவர், பாராட்டை எதிர்பார்த்து.

ஊசியக்கா ஒரு தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தார். ஈரக் காற்று பட்டதும் குக்கிகள் வியர்த்தன. வியர்வை அரக்கை இளக்கி, வெள்ளைப் பரப்பில் இழுத்துச் சென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகளுக்கு மீசை முளைத்தது. உள்ளே இருந்தவற்றுக்கும் இதே கதிதான்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..." என்று கணவர் இழுத்தார்.

"உங்க பஸ்ஸை நான் வந்து ஓட்டுறேனா?"

மறுநாள் கல்யாணம்; அண்ணி மாலையில் வருவதாக ஏற்பாடு. புதிதாக ஐசிங் இட்டால் அதற்குள் காயாது. காயாமலே வேலைக்காகும் பொருள் ஒன்றுதான்: பிசைந்த சர்க்கரை மாவு. எழுத்துக்கு அது உகந்ததன்று என்று ஒதுக்கி வந்தவர், இப்போது அதை மெல்லியதாக உருட்டினார். கணவர் கசிந்த எழுத்துகளைக் கத்தியால் சுரண்டினார். வட்ட அச்சால் மாவை வெட்டிக் கறையின்மேல் பதித்தார். ஊசியக்கா அதில் ஊசியால் முதலெழுத்துகளைக் குழித்து வரைந்தார். நிறம் சேர்க்கவில்லை. சேர்த்தால் கசியும் என்ற பயம் அவரை விடவில்லை. வெள்ளை வட்டத்தில் வெள்ளைப் பள்ளமாக எழுத்து நின்றது.

"தெரியுதா?"

"தெரியுது."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

மாலையில் அண்ணியோடு அண்ணனும் வந்தார். அதை ஊசியக்கா எதிர்பார்க்கவில்லை. அண்ணி ஒரு பெட்டியைத் திறந்தார்.

"சிவப்புல்ல சொல்லியிருந்தேன். எழுத்தே இல்லையே."

"சிவப்புலதான் எழுதினேன் அண்ணி. கசிஞ்சு கெட்டுப்போச்சு. பிடிக்கலேன்னா விட்டுடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." யார் கை பட்டுக் கெட்டது என்பதை அவர் சொல்லவில்லை. கதவோரம் நின்ற கணவர் தரையைப் பார்த்தார்.

அண்ணன் ஒரு குக்கியை எடுத்துச் சன்னல் பக்கம் போனார். நேரே பிடித்தார், பிறகு சாய்த்துப் பிடித்தார். ஊசியக்கா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சாய்ச்சுப் பாத்தா தெரியுது" என்றார் அண்ணன். பிறகு அண்ணியிடம், "சிவப்பை விட இது நல்லாருக்கு. ஆனா இதை நீ எடுத்துட்டு வர வேண்டாம். நீ காரை ஓட்டுற லட்சணத்துக்கு வீட்டுக்குத் தூள்தான் வந்து சேரும்."

"அப்ப யாரு எடுத்துட்டு வருவாங்களாம்?" என்றார் அண்ணி.

அண்ணன் குக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார். தங்கையின் முகத்தைப் பாராமல், "இவதான். நாளைக்கு ரெண்டு பேருமா வந்துடுங்க. வாசல்ல குடுத்துட்டு ஓடிடாதே, உள்ள வந்து உக்காரு" என்றார்.

ஊசியக்கா பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"நீ வந்தப்புறம்தான் ஆரம்பிப்போம்னு நெனச்சுக்காதே. சீக்கிரமா வா."