அது வேற ஊர்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய் என்று ஒன்று இல்லாமல் இருந்திருக்கலாம்.

காலையில் நல்ல காரியத்துக்குத்தான் கிளம்பினேன். வெளிநாடுகளில் நிலக்கரி மின் நிலையம் கட்ட நம் அரசு கடன் கொடுக்கக் கூடாது என்று ஒரு மனு. எழுதியது நான்தான். மறைமலைநகரில் என் அபார்ட்மென்ட் வாசலில் நின்று கையெழுத்து கேட்டால்... "அது வேற நாடு சார், நமக்கென்ன?" செக்யூரிட்டி முதல் செக்ரட்டரி வரை இதே பதில். எனக்கு வந்ததே கோபம்!

சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் என் நண்பர் ஏழுமலை இருக்கிறார். சொந்தப் படகு வைத்திருப்பவர். அங்கே போனேன். அவர் உடனே கையெழுத்துப் போட்டார், ஊர்த் தலைவரிடமும் வாங்கித் தந்தார். பிறகு மெதுவாக, "சாயந்திரம் ஊர்க்கூட்டம் கீது மச்சான். எனக்கோசரம் ரெண்டு வார்த்த பேசு" என்றார்.

விஷயம் இதுதான். சுருக்குமடி வலை — குஞ்சு மீனைக்கூட விடாமல் வாரிவிடும் — யாரும் போடக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. ஏழுமலை போடவில்லை. ஆனால் தெற்கே வேறோர் ஊரில் மைத்துனன் போடும் சுருக்குமடிக்குப் பணம் கொடுத்திருக்கிறார்! சும்மா விடுவார்களா? அவர் படகையே கடலில் இறக்கவிடாமல் நிறுத்திவைப்பதாகப் பேச்சு.

கூட்டத்தில் எழுந்தேன். "இவரு இங்க அந்த வலையத் தொடவே இல்லையே! பணம் போனது வேற ஊருக்கு. அங்க நடக்கறதுக்கு இவரு என்ன பண்ணுவாரு? இவரு குடுக்கலைன்னா இன்னொருத்தர் குடுக்கப்போறாரு..."

ஊர்த் தலைவர் என்னையே பார்த்தார்.

"சார், காலைல காட்டினியே... அந்தப் பேப்பரு கைல கீதா?"

"இருக்கு."

"கொஞ்சம் சத்தமா படி. எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். 'எரிவது அயல்நாட்டில் என்பதால் பணம் கொடுத்தவரின் கை சுத்தமாகிவிடாது. நாம் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுப்பார் என்பது...' அந்த இடத்திலேயே பேப்பரை மடித்துவிட்டேன். ரசித்து ரசித்து எழுதிய வரி! பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சிரித்தேவிட்டார்.

ஏழுமலைதான் என்னைக் காப்பாற்றினார். போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மைத்துனனைக் கூப்பிட்டார். "டேய் சேகரு, என் பணத்துல அந்த வல இனிமே கடலுக்குப் போவக் கூடாது. வேற வல வாங்கு, நான் கூட நிக்கிறேன். கோச்சிக்கினாலும் பரவால்ல."

ஊர் சமாதானமாகிவிட்டது. நான்தான் ஆகவில்லை. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அபார்ட்மென்ட்காரர்களை நான் மனசுக்குள் திட்டியது கொஞ்சமா நஞ்சமா? எனக்கு வேண்டியவர் என்றதும் அவர்கள் சொன்னதையே நானும் சொன்னேனே!

கிளம்பும்போது ஏழுமலை பஸ் ஸ்டாப் வரை வந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பேப்பரு கவர்மென்ட்டுக்கு எப்போ போவுது?"

"நாளைக்கு."

"அனுப்பு, அனுப்பு. ஆனா ஒண்ணு மச்சான்... கவர்மென்ட்டுல உனக்கு வேண்டியவங்க யாரும் இல்லியே?"