ஒரு முழ வயரும் ஒரு "அமுக்குங்க"வும்

ஈயம் உருகுற மணமும் ஜெனரேற்றரின்ர மண்ணெண்ணெய்ப் புகையும்... இப்பவும் எங்கயாவது ரெண்டும் சேர்ந்து மணந்தா, நான் வன்னியில, புதுக்குடியிருப்பில நிப்பன்.

சண்டை நிண்டிருந்த சமாதான காலம். ஓலைக் கொட்டிலுக்க கொம்பியூட்டர் வகுப்பு. கொம்பியூட்டர் எண்டு இருந்தது ஒண்டே ஒண்டு, அதுவும் ஜெனரேற்றரில ஓடுறது. படிப்பிக்கிறது நான். அப்பதான் ஏ.எல். சோதினை முடிச்சனான், ஆனா டீச்சர் எண்ட எடுப்புக்குக் குறைச்சலில்லை!

ஒரு பிள்ளை மவுஸைப் பிடிச்சா மற்றதுகள் வாய் பாத்துக்கொண்டு இருக்கும். கடைசி வாங்கில ஜெயந்தி. மலையகத்தில இருந்து வந்து குடியேறின குடும்பம். எங்கட "வாங்கோ, போங்கோ" இல்லாமல் அவள் "வாங்க, போங்க" எண்டு கதைச்சா மற்றதுகள் பகிடி பண்ணுங்கள். அதால வாயே திறக்கமாட்டாள்.

ஒருநாள் அவளின்ர தாய் வகுப்புக்கு வந்து நிண்டா. "புள்ளய நிப்பாட்டிர்றேங்க டீச்சர். தெனம் அழுதுகிட்டு வருது."

ஒரு கிழமை பொறுங்கோ எண்டு கெஞ்சினன்.

றேடியோ திருத்துற சுதனிட்ட ஓடினன். அவன் பழுதான கீபோர்ட் ஒண்டைக் கழட்டி, அதில நாலு பெல் சுவிட்சை ஈயம் உருக்கிப் பூட்டித் தந்தான். நான் ஒரு விளையாட்டு எழுதினன். ஸ்கிரீனில ஒரு வள்ளம். ஆளுக்கொரு சுவிட்சா நாலு பிள்ளையளும் ஒண்டா அமத்தினாத்தான் நகரும். ஒராள் பிந்தினாலும் கவிழும்.

வயர் மட்டும் காணாது. சைக்கிள் டைனமோ வயர், ஆளுக்கு ஒரு முழம்தான் வந்தது. நாலு பேரும் முழங்கால் முட்ட இருக்கவேண்டியதாப் போச்சு. சுதனுக்கு என்னட்ட நல்ல ஏச்சு.

ஜெயந்தியையும் ஒரு சுவிட்சோட இருத்தினன். ஆளாளுக்கு "அமத்து, அமத்து" எண்டு கத்துதுகள்... வள்ளம் கவிழுது, திரும்பவும் கவிழுது...

"கத்தாதீங்க. நான் சொல்றப்ப அமுக்குங்க... இப்ப அமுக்குங்க!"

ஜெயந்திதான்.

வள்ளம் கரைக்குப் போச்சு.

அதுக்குப் பிறகு வகுப்பு முழுக்க "அமுக்குங்க" தான். பகிடி பண்ணின அதே வாயள்! தாயும் நிப்பாட்டுற கதையை எடுக்கேல்லை.

பிறகு சுதன் நீட்டு வயர் கொண்டுவந்து பூட்டினான். பிள்ளையள் தள்ளித் தள்ளி இருந்து ஸ்கிரீனை மட்டும் பாத்துதுகள். ஒரு சத்தமில்லை. "வெட்டடா அதை" எண்டிட்டன்.

பிறகு சண்டை... திக்குத் திக்காப் போனம். ஜெயந்தி எங்கயெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

இப்ப நான் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஆப் செய்யிறன். ஆளுக்கொரு போன், வயரே இல்லை, ஒருத்தரின்ர முழங்காலும் ஒருத்தரில முட்டாது. பட்டனில "அழுத்தவும்" எண்டு போடச் சொல்லி ஒபிசில ஒவ்வொருக்காலும் சொல்லுவினம். நான் விடமாட்டன். என்ர பட்டன் எல்லாத்திலயும் "அமுக்குங்க" தான்.

எங்கயோ ஒரு இடத்தில அவளின்ர பிள்ளை அதை வாசிக்க, பக்கத்தில இருந்து அவள் எட்டிப் பாப்பாள் எண்டு ஒரு நப்பாசை.