பகைவர் வரிசையில் என் அண்ணன்

என் அண்ணன் இறப்பதற்கு முந்தின மாலை என்னைத் தேடி வந்தார். அவர் வரவேயில்லை என்று நான் பொய் சொன்னேன். இன்றுவரை அந்தப் பொய்யைக் கட்டிக் காத்து வருகிறேன்.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனாலும் வருத்தமில்லை. என் நகைச்சுவைக் கட்டுரைகளை அப்படிப் புரட்டிவிட்டுப் போனவர்கள் இந்தப் புதுச்சேரியில் ஏராளம்.

எழுபதுகளின் கடைசி. ரங்கூனிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்த பெரியவர் ஒருவர், அங்கே பௌத்தத் துறவிகளிடம் கற்ற தியானத்தை இங்கே சொல்லிக்கொடுத்தார். குருசுக்குப்பத்தை ஒட்டி, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றில் முகாம். முடியும்வரை வெளியே போகக்கூடாது. ஐயா என்று நாங்கள் அழைத்த அந்தப் பெரியவரைத் தவிர யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. பேசியே பிழைத்த நான் அங்கே ஏன் போனேன்? தூக்கம் வரவில்லை, முடி கொட்டியது, புத்தருக்கு வந்தது எனக்கும் கொஞ்சம் வரட்டுமே என்ற பேராசை... எதுவோ ஒன்று.

அங்கே மைத்திரி பாவனை என்று ஒரு பயிற்சி. கண்ணை மூடி ஒருவர் முகத்தை நினைத்து, 'இவர் நலமாக இருக்கட்டும்' என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தனக்கு. பிறகு வேண்டியவருக்கு, முன்பின் அறியாதவருக்கு, கடைசியில் பகைவருக்கு.

பகைவர் இடத்தில் அண்ணனை வைத்தேன்.

என்ன பகை என்கிறீர்களா? அவர் முதலியார்பேட்டைக்காரர், ஆலைத் தொழிலாளி. தினமும் ஆலை வாசலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். அதை வேடிக்கையாக ஒரு பத்திரிகையில் எழுதினேன். ஆலையில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். அவரைக் கண்டால் கக்கூஸ் கதவைக்கூடத் தொட்டுக் கும்பிட்டார்கள். அன்றோடு அண்ணன் என்னிடம் பேசுவதை விட்டார். அடித்தவன் நான், பகைவர் வரிசையில் நின்றவர் அவர்!

ஐயா இரண்டு விஷயங்கள் சொல்லியிருந்தார். "செத்தவங்கள நெனச்சு இதச் செய்யாதீங்க. போய்ச் சேராது." இன்னொன்று: "அவசரம்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போய்ட்டு வாங்க. மௌனம் ஒண்ணும் கைவிலங்கு இல்ல."

இரண்டாவது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அதை மறந்துவிடாதீர்கள்.

அன்று மாலை கண்ணை மூடி அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே அண்ணன் குரல்!

"டேய், சின்னவனே... உள்ளதான இருக்க?"

கண்ணைத் திறந்தேன். ஜன்னலுக்கு நேரே கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கண்ணோடு கண் பார்த்தோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? உதட்டின் மேல் விரலை வைத்தேன்.

"ஓ... பேசக்கூடாதா? சரி சரி," என்று சிரித்தார். "ஒன்னயவே வாய மூட வச்சிட்டாங்களே, பெரிய ஆளுங்கதான்! ஒரு வார்த்த சொல்லணும்டா, வேற ஒண்ணுமில்ல. நீ முடிச்சிட்டு வா. பீச்சுல உக்காந்திருக்கேன்."

போய்விட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கண்ணை மூடினேன். 'அண்ணன் நலமாக இருக்கட்டும்...' அடடா! அதுவரை வராத உருக்கம் அப்போதுதான் வந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. நெஞ்சுக்குள் இருந்த அண்ணன் வசதியானவர். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருந்தவர் அப்படியல்ல. முகாம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு நல்ல தூக்கம்!

மறுநாள் விடிந்ததும் அண்ணன் முகத்தை அழைத்தேன். வந்தது. ஆனால் கண்கள் மூடியிருந்தன. அதற்கு முன் எப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும் அந்த முகம்... 'நலமாக இருக்கட்டும்' என்றேன். அந்தச் சொல் போகவில்லை. என் நெஞ்சிலேயே சில்லென்று நின்றது. மறுபடி சொன்னேன். மறுபடி நின்றது.

ஐயாவிடம் ஓடினேன்.

"நேத்து வரைக்கும் போச்சா?"

"ஆறா ஓடிச்சுங்க ஐயா."

"அவரு உயிரோடதான இருக்காரு?"

"குண்டுக்கல்லாட்டம் இருக்காருங்க!" என்று சிரித்தேன். சிரித்த என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அந்நேரம் அண்ணன் கடற்கரைக் கல்லில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் மூடி, கைகள் மடியில். விடிகாலை நடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நம்மூரில்தான் கடலைப் பார்த்து உட்கார்ந்தவரெல்லாம் தியானம் செய்பவர்களாயிற்றே! குரலைத் தாழ்த்திக்கொண்டு, விலகிப் போயிருக்கிறார்கள். ஒருவர் காலடியில் பூ வைத்துவிட்டுப் போனாராம். வெயில் ஏறிய பிறகு ஒரு மீனவர்தான், "சாமி, சுடுது, எந்திரிங்க" என்று தோளைத் தொட்டார்.

இரவே இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் காத்திருந்தார்? பக்கத்தில் நான் இருந்திருந்தால்...? இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

சாவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களத்தான் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புனாரு தம்பி. வந்தாரா?"

"வரலையே அண்ணி."

அவ்வளவுதான். யோசிக்கவேயில்லை. அத்தனை நாள் பேசாமலிருந்த வாயிலிருந்து அந்த வீட்டில் வந்த முதல் சொல் அது!

ஆண்டுகள் ஓடின. தம்பியைப் பார்க்கப் போவதாகச் சொன்னவர் தம்பியிடம் வரவில்லை. இருட்டிய பிறகும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணி இதை வைத்துத் தானாகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டார். வீட்டில் அண்ணன் படம் இப்போது சுவரில் இல்லை. ஏன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

போன மாதம் போயிருந்தபோது, காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"எவளுக்கோதான் காத்துக்கிட்டு இருந்திருக்காரு, தம்பி. எனக்கு இப்ப கோவமெல்லாம் இல்ல. ஆனா அவ வரலையே... அந்த மனுஷனத் தனியா சாக விட்டுட்டாளே! அவ யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒரு தடவ மூஞ்சப் பாத்துட்டு வந்துடுவேன். ஒங்களுக்குத்தான் ஊர்ல நாலு பேரத் தெரியுமே..."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

"விசாரிக்கிறேன், அண்ணி" என்றேன்.