பலகையில் ஒட்டியிருந்த பக்கம்

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். இருபத்திரண்டு வருடம் மலேசிய ராணுவத்தில் எழுத்தராக இருந்து, ஸ்டாஃப் சார்ஜண்டாக ஓய்வு பெற்றவள் நான். முகாம் அலுவலகத்தில் ஒரு கடிதம் மேசைக்கு வந்தால், அன்றைக்கே அது போக வேண்டிய கைக்குப் போயாக வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. "நீ இன்னும் பரேட்லயே நிக்கிற," என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நிற்கிறேன்தான். யாராவது நிற்க வேண்டாமா?

இப்போது தம்போயில் இருக்கிறோம். ஜொகூரின் இந்தப் பக்கத்துத் தமிழ் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அரசாங்கம் எங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது அறிவித்தால் அதைத் தேடிப் பிடித்துக் குழுவில் போடுவது என் வேலை. சம்பளம் கிடையாது, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அன்றைக்கு நான் போட்ட அறிவிப்பு சாதாரணமானது அல்ல. மருத்துவக் குழு ஒன்று ஜொகூர் பாருவுக்கு வருகிறது. கால், கை இழந்தவர்களை அளந்து பார்த்துப் புதிய செயற்கை உறுப்பு செய்து கொடுப்பார்கள். பணியின்போது காயம்பட்டதற்கு ஒரு காகிதம் காட்ட வேண்டும். பென்ஷன் இல்லாதவர்களும் வரலாம். இத்தனையும் மூன்று பக்க மலாய்க் கடிதமாக இருந்தது. அப்படியே குழுவில் போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பதிலுக்குப் பதினொரு பேர் கைகூப்பினார்கள். ஒருவர் மகாலட்சுமி படத்துடன் இனிய காலை வணக்கம் சொன்னார். இன்னொருவர் வாழைக்கன்று நடும் வீடியோ அனுப்பினார். அதற்கு நிறைய கேள்விகள் வந்தன, வாழைக்கு என்ன உரம் என்று. என் கடிதத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

கைகூப்பிய பதினொரு பேரில் ஒருவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அவரைப் போன தீபாவளி விருந்தில் பார்த்திருக்கிறேன். கோப்ரலாக இருந்தவர், பண்டார் தெங்காராவில் வீடு. அவருடைய செயற்கைக் காலின் வார் அறுந்து, மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியிருந்தார். சாப்பாட்டுத் தட்டோடு நடக்கும்போது முகத்தைச் சுளித்தது நன்றாக நினைவிருந்தது. உடனே போன் செய்தேன்.

"பாத்தேன் ஸ்டாஃப். நல்ல விஷயம். ஆனா அதெல்லாம் பென்ஷன்காரங்களுக்கு. நான் பென்ஷன் இல்லாத ஆளு."

"பென்ஷன் இல்லாதவங்களும் வரலாம்னு ரெண்டாவது பக்கத்துல போட்டிருக்கு, கோப்ரல். படிக்கலையா?"

"எங்க ஸ்டாஃப் அவ்வளவு படிக்கிறது?"

கோபம் அவர் மேல் வந்து, பாதி வழியில் திரும்பி என் மேலேயே விழுந்தது. எங்கள் ஆட்களுக்குள் இப்படி ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. பென்ஷனுக்கு வேண்டிய வருடங்களை முடிக்காமல் வெளியே வந்தவர்கள், முகாம் கேட்டைத் தாண்டிய அன்றே எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அசிங்கம் என்பார்கள். இது தெரிந்தும் நான் மூன்று பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் காரை எடுத்தேன். கூலாய் தாண்டியதும் எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கேட்டைத் திறந்தது அவர் மனைவி. உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அக்கா, அவரு உங்ககிட்ட சொல்ல மாட்டாரு. கட்டைக் கால் உரசி உரசி அடியில புண்ணு. ஆறவே மாட்டேங்குது, இனிப்பு நீர் வியாதி வேற. கிளினிக்ல டாக்டர் சொல்லிட்டாங்க, இப்படியே இந்தக் கால மாட்டிக்கிட்டு நடந்தா முழங்காலுக்கு மேல எடுக்கணும்னு."

முழங்கால் இருக்கும்வரை மனிதன் உட்காரலாம், எழலாம், படி ஏறலாம். அதுவும் போனால் அவருக்கு வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். மருத்துவக் குழு வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த மனிதரின் முழங்காலை நான் விடுவதாக இல்லை.

கோப்ரல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். நான் அறிவிப்பை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டார். கால் எப்படிப் போனது என்று கேட்டேன். வடக்கே காட்டுப் பாதையில் ராணுவ லாரி கவிழ்ந்து கணுக்கால் நசுங்கியதாம். அதனால் ஆறே வருடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். பனை ஆலையில் வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் அந்தக் கணுக்கால் அழுகி, காலை எடுத்திருக்கிறார்கள். எடுத்தது அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால், ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

"வெளிய வரும்போது ஒரு சூராட் குடுத்திருப்பாங்களே, அது எங்க?"

அவர் மனைவி சாமி அலமாரியைக் காட்டினார்.

முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது அந்தப் பணிவிடுப்புச் சான்றிதழ். நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே பிளாஸ்டிக் மல்லிகை மாலை. எங்கள் ஆட்களின் வீட்டில் இது புதிதல்ல. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் பிள்ளை ராணுவத்துக்குப் போய் அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் கொண்டு வந்தால், அதற்கு அந்த இடம்தான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை தோறும் கற்பூரமும் காட்டுவார்கள். கிட்டே போய்ப் படித்தேன். எண், பதவி, சேர்ந்த நாள், விலகிய நாள், 'நடத்தை: மிக நன்று'. காயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்குத் தெரியும், அது பின்பக்கத்தில் இருக்கும். அந்தப் படிவத்தில் மருத்துவக் குறிப்பு பின்னால்தான் வரும். சட்டத்தைத் திருப்பிப் பார்க்கக் கையை நீட்டினேன்.

"அதத் தொடாதீங்க, ஸ்டாஃப்."

குரல் உயரவில்லை. ஆனால் அது முடிவான குரல். நான் கையை எடுத்துக்கொண்டேன். பால் கலக்காத தே ஓ குடித்தேன், அவர் நன்றி சொன்னார், நானும் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். கூலாய் வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி தனியாகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஆவண அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பழைய கோப்பைத் தேடி நகல் எடுக்க மாதக் கணக்காகும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்கு இருந்தது ஒன்பது நாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் போனேன். கோப்ரல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அலமாக், மறுபடியுமா?"

"நீங்க சொல்றவரைக்கும் வருவேன். பெட்ரோல் என்னுது. பின்னால என்ன எழுதியிருக்கு, கோப்ரல்?"

அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு மனைவியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "தீடாக் லாயாக்னு எழுதியிருக்கு. தகுதி இல்லாதவன்னு. எங்கப்பாவுக்கு மலாய் படிக்கத் தெரியும், ஸ்டாஃப். அவரு கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு, கூலாய்ல ஃபிரேம் கடைக்காரன்கிட்ட சொல்லி அந்தப் பக்கத்துல பசை தடவிப் பலகையோட ஒட்டிட்டேன். அவரு சாகுற வரைக்கும் பாக்கல. இவளும் பாத்ததில்ல."

அவர் மனைவி வாசற்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து சந்தனம் வைத்த கை அது.

அந்த வரி எனக்குத் தெரியும். அவருடையது அல்ல, அவரைப் போன்ற பலருடையது. முகாமில் டாக்டர் கையால் எழுதித் தரும் குறிப்பைப் படிவத்தின் பின்பக்கத்தில் தட்டச்சு செய்தவள் நான். தட்டி, முத்திரை வைத்து, அடுத்த காகிதத்தை எடுத்துவிடுவேன். அதை வாங்கிக்கொண்டு போகிறவன் பஸ்ஸில் உட்கார்ந்து எதைப் படிப்பான், வீட்டில் யாருக்குக் காட்டப் பயப்படுவான் என்று ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அந்த வரிய தட்டுனவங்கள்ல நானும் ஒருத்தி, கோப்ரல். அதனால முழுசா சொல்றேன், கேளுங்க. 'தகுதி இல்லாதவன்'னு மட்டும் யாரும் எழுத மாட்டாங்க. அதுக்கு முன்னால, பணியின்போது ஏற்பட்ட காயத்தால்னு இருக்கும். அதையும் நீங்க சேத்துப் படிக்கணும். அது உங்களத் திட்டுற வரி இல்ல. உங்க கால் கெட்டதுக்கு எங்க வேலைதான் காரணம்னு அவங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்ட வரி. அதப் போய் நீங்க பசை போட்டு ஒட்டி வச்சிருக்கீங்க!"

கடைசி வாக்கியத்தில் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கோப்ரல் ஊன்றுகோலை எடுத்து எழுந்தார். அலமாரி வரை தானே போனார். மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, சட்டத்தை இறக்கி என் மடியில் வைத்தார். "கிழிச்சிடாதீங்க, ஸ்டாஃப்," என்றார்.

கிழிக்காமல் எடுப்பது எனக்குத் தெரிந்த வேலை. பழைய கோப்புகளில் ஒட்டிய காகிதங்களை ஆவி காட்டி உரித்தே பாதிக் காலம் போயிற்று. கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்தோம். கண்ணாடியை எடுத்துவிட்டு, ஒட்டுப்பலகையை ஆவியில் பிடித்துக்கொண்டார் அவர் மனைவி. நான் மொட்டை வெண்ணெய்க் கத்தியால் ஓரத்திலிருந்து விரல் விரலாக நெம்பினேன். மூன்று கேத்தல் தண்ணீர் ஆனது. காகிதம் முழுதாக வந்தது, முத்திரையைத் தவிர. முத்திரையின் ஒரு பாதி பலகையிலேயே தங்கிவிட்டது.

அவர் மனைவிதான் முதலில் படித்தார், எழுத்துக் கூட்டி. 'பணியின்போது ஏற்பட்ட இடது கணுக்கால் காயத்தின் காரணமாக, தொடர்ந்து படைப்பணிக்குத் தகுதியற்றவர்.' படித்து முடித்ததும் நனைந்த கையால் கணவரின் தோளில் ஒரு அடி வைத்தார். "இதுக்காய்யா இவ்வளவு வருஷம்?" என்று கேட்டுவிட்டு அழுதார். கோப்ரல் தலையைக் குனிந்துகொண்டார்.

மருத்துவக் குழு வந்த அன்று காகிதத்தோடு அந்தப் பலகையையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரிக்குச் சின்ன வயது. நான் பலகையை மேசை மேல் வைத்ததும் சிரித்தார். பிறகு காகிதத்தை அதன் மேல் வைத்து, மெல்ல நகர்த்தி, இரண்டு பாதி முத்திரையும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது. போன் கேமராவால் படம் எடுத்துக்கொண்டு, எழுந்து நின்று கோப்ரலுக்குக் கை கொடுத்தார். அன்றே அளவெடுத்தார்கள். புண் ஆறும்வரை பழைய காலை மாட்டவே கூடாது என்று சொல்லி, அதற்குச் சக்கர நாற்காலியும் எழுதிக் கொடுத்தார்கள்.

புதிய கால் வர நாளானது. நடுவில் நான் போன் மேல் போன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே அங்கிருப்பவர்கள் கோப்பு எண்ணைச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. கால் வந்தது. புண்ணும் ஆறியிருந்தது. முழங்காலுக்கு மேலே எடுக்கும் பேச்சு இனி இல்லை என்று கிளினிக் டாக்டர் சொன்னதை அவர் மனைவி எனக்குப் போனில் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டேன்.

அந்த வாரம் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. நான் அனுப்பும் கடிதங்களுக்குக் கைகூப்புவதைத் தவிர வேறெதுவும் செய்யாத கோப்ரலுடையது. பரேடில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லும் குரலில் தன் படை எண்ணைச் சொன்னார், பதவியைச் சொன்னார். பிறகு இத்தனை வருடம் சந்தனத்துக்கும் மாலைக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்த அந்த வரியை மலாயில் முழுதாகப் படித்தார். தீடாக் லாயாக் வந்த இடத்தில் குரல் தடுமாறவில்லை.

"இதுதான் எனக்குக் கால் குடுத்துச்சு," என்றார். "பென்ஷன் இல்லைன்னா ஒன்னும் இல்லைன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க எல்லாரும் சாமி ரூம்புக்குப் போங்க லா. ஃபிரேம எடுத்துப் பின்னால பாருங்க."

வாழைக்கன்றும் வரவில்லை, மகாலட்சுமியும் வரவில்லை. அரைமணி நேரத்தில் என் போன் அடித்தது. செடெனாக்கிலிருந்து ஒருவர். ஏழெட்டு வருடமாகக் குழுவில் இருப்பவர், ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அக்கா," என்றார். "எங்க வீட்லயும் ஒன்னு மாட்டியிருக்கு. பின்னால ஒட்டித்தான் இருக்கு. தண்ணிய கொதிக்க வைக்கட்டுமா?"

"வைங்க," என்றேன். "நான் வர்ற வரைக்கும் கத்திய மட்டும் எடுத்துடாதீங்க."