வாயில்லாத துண்டு

இந்தோனேசியாவின் சுரபாயாவில் மணப்பெண் உடை தைக்கும் பலூபிக்குக் கணவர் வியோனோ வீட்டில் வைத்திருந்த கடல்நீர்க் கண்ணாடித் தொட்டி மேல் ஆரம்பத்தில் பெரிய ஈடுபாடில்லை. அவர் வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "இந்த வீட்டுல பொண்டாட்டின்னு ஒருத்தியும் இருக்கா" என்று தையல் மிஷினிலிருந்தே குத்திக்காட்டுவாள்.

தொட்டியில் அவர் உயிராக வைத்திருந்தது ஒரு காளான் பவளம், பாறையில் ஒட்டி வாழும் சதைப்பற்றான கடலுயிர். ஆரஞ்சு நிறத்தில் சின்ன அப்பளம் மாதிரி விரிந்திருக்கும். நடுவில் பொத்தான் துளை போல ஒரு வாய். ஒருமுறை அது பாறையில் கொஞ்சம் நகர்ந்து போனபோது, பழைய இடத்தில் ஒரு சதைத் துணுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. அழுகிவிடும் என்று நினைத்தாள் பலூபி. அதுவோ மெல்ல வளர்ந்து தனிக் காளானாகி வாயைத் திறந்தது.

அது அவள் மண்டையைக் குடைந்தது.

"என்னங்க, நாமளே இதை வெட்டினா என்ன ஆகும்?"

"வெட்டிப் பொழைக்க வைக்கிறவங்க இருக்காங்க. நமக்கு எதுக்கு அந்த வம்பு?"

"வாய் நடுவுலதானே இருக்கு? ஓரத்துல ஒரு துண்டு எடுத்தா அது எதால தின்னும்?"

அது வியோனோவுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியில்தான் அவரும் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய காளானைத் தொட்டித் தண்ணீரோடு கிண்ணத்தில் எடுத்து, கையுறை மாட்டி, புது பிளேடை வைத்தாள். "முட்டை வாங்கிட்டு வர்றேன்" என்று அவர் நழுவிவிட்டார். திரும்பி வந்தபோது கிண்ணம் முழுக்கச் சளி. நடுவில் சுருங்கிப்போன மூன்று துண்டுகள்.

"இதுவா என் காளான்?" அவர் முட்டைப் பையை வைத்துவிட்டுக் கிண்ணத்தின் மேல் குனிந்தார்.

கல்லில் ஒட்டலாம் என்றால் பசை சளியில் வழுக்கியது. அப்படியே விட்டால் நீரோட்டம் அடித்துப் போய்விடும். மணப்பெண் முக்காட்டுக்கு வெட்டியது போக மிஞ்சிய வலைத்துணி பலூபியின் கண்ணில் பட்டது. சின்னக் கோப்பையில் கற்களைப் பரப்பி, துண்டுகளை வைத்து, மேலே வலையை மூடி நூலால் கட்டினாள். தொட்டியில் தண்ணீர் அலையாத ஒரு மூலையில் இறக்கினாள்.

உடை போட்டுப் பார்க்க வந்த மணப்பெண் விடியா அதைப் பார்த்துவிட்டாள். "அக்கா, என் முக்காடு ஏன் தண்ணிக்குள்ள கிடக்கு?"

"மிச்சத் துணிடி. உனக்கு முன்னாடி அதுங்களுக்குக் கல்யாணம்."

முறைப்பாகவே இருந்த வியோனோ அப்போதுதான் சிரித்தார்.

சில நாளில் ஒரு துண்டு கரைந்து நாறியது. "நான்தான் கொன்னுட்டேன்" என்றாள். அவர் அதை எடுத்து எறிந்தார். "இன்னும் ரெண்டு இருக்கில்ல? பார்ப்போம்."

வாயோடு இருந்த துண்டு சீக்கிரமே ஆறிக் கல்லைப் பிடித்துக்கொண்டது. ஓரத்துத் துண்டு தட்டையாகக் கிடந்தது. வாய் இல்லை, ஆனால் நிறம் வெளுக்கவில்லை. உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி வெளிச்சத்தில் ஆக்கிக் கொடுப்பதைத் தின்று உயிரோடிருக்கும் என்றார் வியோனோ. பலூபி ஊசியைக் கோத்துவிட்டு வந்து பார்ப்பாள், சோறு வடித்துவிட்டு வந்து பார்ப்பாள்.

ஒரு காலை அதன் நடுவில் சின்ன மேடு. மேட்டில் ஒரு பிளவு. வலையைப் பிரித்து, இறால் துணுக்கைக் குச்சி நுனியில் வைத்து நீட்டினாள். பிளவு விரிந்தது. துணுக்கு மெதுவாக உள்ளே போயிற்று.

"தின்னுதுடி!" வியோனோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கேருந்து வந்துச்சு இந்த வாய்?"

"எனக்கும் அதான் தெரியல" என்றபடி பலூபி இன்னொரு துணுக்கைக் கிள்ளினாள்.